பாதியில் நிறுத்திய ஊசிகள்

டாக்டரம்மா, கையை ஐந்து தடவை கழுவிவிட்டேன். சோப்புப் போட்டு மூன்று தடவை, புளி தேய்த்து இரண்டு தடவை. வாடை போகவில்லை. நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு, காப்பி டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. பாகு புளித்ததுபோல ஓர் இனிப்பு, அதற்கு அடியில் அழுகல். இந்த வாடைக்குப் பெயர் சொன்னது நீங்கள்தான். "இது கர்ப்பப்பைச் சீழ் அக்கா. வெளியில கொஞ்சந்தான் வரும். உள்ள ஒரு கொடம் இருக்கும்" என்றீர்கள்.

இப்போது என் கழுதை மயிலிக்கு வந்திருக்கிறது. அவளை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன பிறகு பிறந்தவள். நீங்கள் வைத்தியம் பார்த்த கறுப்பியின் மகள் வயிற்றுப் பேத்தி. ஏழு வயது. மூன்றாவது ஈற்று. குட்டி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெண் குட்டி, காது மட்டும் வளர்ந்து உடம்பு பிறகு வந்ததுபோல இருக்கிறது. அன்றைக்கு நஞ்சுக்கொடி விழாமல் சாயங்காலம் வரை தொங்கியது. நானே கையை விட்டு இழுத்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நாற்பது வருடமாக இழுத்த கை இது. எத்தனையோ தடவை ஒன்றும் ஆனதில்லை. இந்தத் தடவை ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வாடை. மருந்துக் கடைக்குப் போய் வழக்கமான ஊசியை வாங்கி வந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை நான் பாதியில் நிறுத்தவில்லை. டப்பாவில் எழுதியிருந்த அளவு, எழுதியிருந்த நாள், ஒன்று குறையாமல் போட்டேன். என் வாழ்க்கையில் முழுசாகப் போட்ட முதல் ஊசி இதுதான். அதுதான் கேட்கவில்லை.

இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முதன்முதலில் உங்களிடம் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கறுப்பியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு குன்னம் கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே வந்தேன். வேப்பமரத்தடியில் பசு மாடுகளும் ஆடுகளும் வரிசையாக நின்றன. ஜெர்சி மாடு பிடித்திருந்த ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, கழுதைக்கெல்லாமா வைத்தியம்? ரெண்டு உதை குடுத்தா தன்னால சரியாப் போயிடும்."

மரத்தடியே சிரித்தது. உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது. "அடுத்தது கழுதை வரட்டும். சிரிக்கிறவங்க கடைசில வாங்க. நேரம் நெறைய இருக்கிற மாதிரி தெரியுது."

அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அடுத்த நிமிடமே என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏற்கெனவே ஊசி போட்டிருக்கீங்களா?"

"ரெண்டு நாள் போட்டேன்."

"யாரு போட்டா?"

"நாந்தான்."

"யாரு சொல்லிப் போட்டீங்க?"

"டப்பாவுல எழுதியிருக்கே."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "படிப்பீங்களா?"

"பள்ளிக்கூடம் போனதில்ல. ஆனா படிப்பேன்." பஸ் போர்டையும் மருந்து டப்பாவையும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. இங்கிலீஷ்கூட எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"டப்பாவுல எத்தன நாள் போடச் சொல்லியிருக்கு?"

"அஞ்சு."

"நீங்க எத்தன நாள் போட்டீங்க?"

"ரெண்டு."

"அப்புறம் படிச்சு என்ன பிரயோஜனம்?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஏன் இரண்டு நாள் என்று அப்போதே நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு நானே சொன்னேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. செங்கல் சூளைகளுக்கு டிராக்டர் வந்து, கழுதைக்குச் சுமை இல்லாமல் போன பிறகு, பால்தான் எங்கள் பிழைப்பு. வீட்டு வாசலிலேயே கறந்து, பிறந்த குழந்தைக்குச் சங்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். கழுதைக்கு என்ன தீனி போடுகிறாய் என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. "ஊசி கீசி போட்டிருக்கா?" என்று மட்டும் எல்லா வாசலிலும் கேட்பார்கள். ஊசி போட்ட கழுதையின் பால் அவர்களுக்குத் தீட்டு மாதிரி. அதனால் கழுதைக்குச் சீழ் கண்டால் ஒரு புட்டி மருந்தை மூன்று கழுதைக்குப் பங்கு போடுவோம். ஒழுக்கு நின்றதும் ஊசியை நிறுத்துவோம். இரண்டு நாள் கழித்து ஊருக்குள் போவோம். மருந்து குறைவாக ஏறினால் பாலில் குறைவாக வரும், குழந்தைக்குப் பழுதில்லை என்பது எங்கள் கணக்கு. அசட்டையால் செய்ததில்லை டாக்டரம்மா. குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் செய்தது.

அதைக் கேட்டதும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டீர்கள். பிறகு, "அக்கா, கொஞ்சமா மருந்து போட்டா சாகுறது நோஞ்சான் கிருமிதான். தெம்பானது பொழச்சுக்கும். அந்த மருந்து இன்னதுன்னு தெரிஞ்சுக்கும். அடுத்த தடவ அது பெத்ததெல்லாம் அந்த மருந்துக்கு அடங்காது. ஒண்ணு, முழுசாப் போட்டு, நான் சொல்ற நாள் வரைக்கும் பால விக்காம இருங்க. இல்லன்னா போடவே போடாதீங்க" என்றீர்கள்.

தலையாட்டினேன். கேட்கவில்லை. பால் விற்காமல் அத்தனை நாள் எப்படி இருப்பது என்று நீங்கள் சொல்லவில்லையே.

பிறகு அந்த முகாம் நடந்தது. லப்பைக்குடிக்காட்டில் பந்தல் போட்டு, மைக் கட்டி, ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்துத் தெருவில் மும்தாஜ் வீட்டு வாசலில் கறுப்பியைக் கறந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது தலைப்பிள்ளை. சங்கை ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் உங்கள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "கழுதைப் பால் மருந்து இல்ல. பொறந்த புள்ளைக்குத் தாய்ப்பால் போதும். அதுலயும் ஊசி போட்ட கழுதையோட பால கண்டிப்பா குடுக்காதீங்க. மருந்துக்கு அடங்காத கிருமி அதுல வரலாம்."

மும்தாஜ் சங்கைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். கறந்த பால் என் கையில் இருந்தது. தெருவில் நின்றவர்கள் மைக் இருந்த பக்கம் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

நேராகப் பந்தலுக்கு வந்தேன். "இந்த ஊருக்கு வர்ற கழுதை என்னோடது மட்டுந்தான். பேரச் சொல்லாம என்னச் சொல்லிட்டீங்க."

"நான் உங்கள சொல்லலக்கா. ஊசியச் சொன்னேன்."

"மைக்குல சொன்னீங்கல்ல?"

"உங்ககிட்ட தனியா எத்தன தடவ சொன்னேன்?"

"எத்தன தடவ சொல்லணுமோ அத்தன தடவயும் தனியாத்தான் சொல்லணும்."

இன்றைக்கும் அதையே சொல்கிறேன். நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். சொன்ன இடம் தப்பு. நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்பதற்காக இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதன் பிறகு நாலு வருடம் உங்கள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கவில்லை. எல்லாக் கழுதைகளுக்கும் நானே வைத்தியம். முன்பு பயத்தில் பாதி போட்டேன். பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொன்னதற்காகவே பாதி போட்டேன். ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் இன்னொன்று. உங்கள் மேல் இருந்த கோபத்தை என் கழுதைகளின் உடம்பில் ஏற்றினேன். இதை இப்போதுதான் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கறுப்பி எழுந்திருக்க முடியாமல் படுத்தபோது உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு வாளியை வைத்துக்கொண்டு நீங்களே வந்து இறங்கினீர்கள்.

"என்கிட்ட பேச வேணாம். கழுதைய மட்டும் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விட்டு, வெளியே வடித்து, மறுபடி விட்டு, மறுபடி வடித்தீர்கள். மண்ணில் மண்டி போட்டிருந்தீர்கள். உங்கள் புடவை முழுக்க அந்த வாடை. மூன்றாம் நாளும் சீழ் குறையாதபோது நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இந்தக் கிருமி உங்களவிட வீம்பு புடிச்சதா இருக்கே அக்கா" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பியின் கழுத்தில் முகத்தை வைத்து மறைத்துக்கொண்டேன்.

கறுப்பி பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு சினைப்படவே இல்லை. பருவத்துக்கு வரும்போதெல்லாம் அந்த ஒழுக்கும் கூடவே வந்தது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் வந்தீர்கள். நானும் பேசினேன், தேவைக்கு மட்டும்.

உங்கள் சாவை நான் ஒரு சுவரில் படித்தேன். போன ஆடியில், கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போய்விட்டு அரியலூரில் பஸ் மாறும்போது, கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். முகம் முழுக்கச் சிமெண்டு லாரிப் புழுதி. முந்தானையால் துடைத்த பிறகுதான் அது நீங்கள் என்று தெரிந்தது. செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் கேட்டார், "யாருங்க, ஒறவா?"

"இல்ல. சண்டக்காரி" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சரி, மயிலிக்கு வருகிறேன்.

முழு ஊசியும் கேட்காமல் போனதும், வேறு வழியில்லாமல் குன்னம் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு தம்பி இருக்கிறார். அம்மா என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் நான் பேசும்போது கையில் போனைப் பார்ப்பார். அவர் கர்ப்பப்பைக்குள்ளிருந்து பஞ்சுக் குச்சியில் சீழ் எடுத்து, ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு, கால்நடைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் மயிலி தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பால் வற்ற ஆரம்பித்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, அந்த நீளக் காதை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும். தாய் போனால் இதுவும் போகும். அடுத்தவள் குட்டிக்கு எந்தக் கழுதையும் மடி கொடுக்காது.

முடிவு வந்த அன்று தம்பி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். தட்டு முழுக்கக் கிருமியை வளர்த்து, நடுவில் மருந்தில் நனைத்த எட்டுக் காகிதப் பொட்டுகள் வைத்திருந்தார்கள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளியுமாம். ஏழு பொட்டைச் சுற்றி ஒன்றும் தெளியவில்லை. சம்பா நாற்று மாதிரி பொட்டு ஓரம் வரைக்கும் நெருக்கமாக முளைத்திருந்தது. அந்த ஏழில் நாலு, நான் பங்கு போட்டுப் பங்கு போட்டுப் போட்ட மருந்துகள். பெயரைப் படித்ததும் தெரிந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் நல்ல வட்டம்.

"அந்த ஒண்ணப் போடுங்க தம்பி."

அன்றைக்குத்தான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "அது மனுசங்களுக்குன்னு வச்சிருக்கிறதும்மா. ஆஸ்பத்திரில வேற எதுவும் கேக்காதப்ப கடைசியாப் போடுறது. அதையும் இதுக்குப் போட்டுப் பழக்கிட்டோம்னா, நாளைக்கு யாருக்காவது வேணுங்கிறப்ப அதுவும் கேக்காது."

"அப்ப என் கழுத சாகட்டும்ங்கிறீங்க."

"அப்டி சொல்லலயே. காய்ச்சல் எறங்கியிருக்கு. ரத்தத்துல பரவுன மாதிரி தெரியல. தெனம் கர்ப்பப்பையக் கழுவுவோம். அது சுருங்குறதுக்கு ஊசி போடுறேன். சரியாகலாம்."

"ஆகலாமா, ஆகுமா?"

"ஆகலாம்மா."

எனக்கு அந்த 'லாம்' பிடிக்கவில்லை. அந்த எட்டாவது பெயரை எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்துகொண்டு, பெரம்பலூர் பஸ் ஏறினேன். பெரிய மருந்துக் கடை. கல்லாவில் இருந்தவரிடம் பெயரைச் சொன்னேன்.

"இது ஆஸ்பத்திரில சேத்தவங்களுக்குப் போடுறதாச்சே. டாக்டர் சீட்டு இருக்குங்களா?"

"வூட்ல இருக்கு."

"யாருக்கு?"

"எங்க வூட்டுப் பொண்ணுக்கு."

"என்ன வயசு?"

யோசிக்கவில்லை. வாயில் மயிலியின் வயது வந்துவிட்டது. "ஏழு."

அவர் முகம் மாறியது. "ஏழு வயசுப் புள்ளைக்கா? வேற எதுவும் கேக்கலயா?"

"கேக்கல."

அது பொய்யில்லை. அவர் அதற்குள் திருச்சி மொத்தக் கடைக்குப் போன் போட்டுவிட்டார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. "கவலப்படாதீங்கம்மா, இது கேக்கும். எனக்கும் அந்த வயசுல ஒண்ணு இருக்கு" என்றார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, "இப்போதைக்கு ஒரே ஒருத்தருக்குப் போடுற அளவுதான் இருக்காம். நமக்கு எடுத்து வைக்கச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

இல்லாத என் பிள்ளைக்காக அந்த மனிதர் அப்படிப் பதறுகிறார். எங்கோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு உரியதை எடுத்துவைக்கச் சொல்ல நான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா, நீங்கள் மைக்கில் சொன்னபோது தெரியாதது, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

"வேணாம் தம்பி."

"ஏம்மா? ஏன்?"

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அந்த ஏழு வயதுப் பிள்ளை என்ன ஆயிற்றோ என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.

மறுநாள் மும்தாஜ் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அன்றைக்குச் சங்கோடு நின்றவள்தான். அந்தத் தலைப்பிள்ளைக்கே இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது.

"மவளுக்குப் பொண்ணு பொறந்திருக்குக்கா. குவைத்துலேர்ந்து மாப்ள தெனம் போன்ல கேக்குறாரு, கழுதப் பால் குடுத்தாச்சான்னு. ஒரு தடவ வந்து ஊத்திட்டுப் போங்க."

"இல்ல மும்தாஜு. தரமாட்டேன்."

"மயிலிக்குச் சரியில்லன்னா இன்னொண்ணு நிக்கிதே, அதுல கறங்க."

"அதுக்கும் நாந்தான் ஊசி போட்டேன், பாதி பாதியா. எதுலயும் தரமாட்டேன். தாய்ப்பாலக் குடுக்கச் சொல்லு. அது போதும்."

மும்தாஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! இதச் சொன்னதுக்குத்தானே அன்னைக்கு டாக்டரம்மாவப் பந்தல்ல வச்சு அந்த ஏச்சு ஏசுனீங்க?"

"ஆமா. இப்பவும் ஏசுவேன். நான் உன்ன என் வூட்டு வாசல்ல வச்சுச் சொல்றேன். மைக்கா கட்டிச் சொன்னேன்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எம்புள்ளைக்கு அப்ப குடுத்தமே, அதுல ஒண்ணும் ஆயிருக்காதுல்லக்கா?" என்று கேட்டாள்.

"ஆகலடி. நல்லா வளந்து புள்ளயும் பெத்துட்டாளே" என்றேன். அவள் போன பிறகு, எத்தனை வாசலில் எத்தனை சங்கு என்று எண்ணத் தொடங்கி, பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தம்பி சொன்னபடி கர்ப்பப்பையைக் கழுவத் தொடங்கி இன்றோடு எட்டு நாள். தம்பி காலையில் வந்து குழாய் வைக்கிறார். நான் தண்ணீரை உயர்த்திப் பிடிக்கிறேன், பிறகு அவர் குழாயைத் தாழ்த்தி வடிக்கிறார். எப்போது போதும் என்று அவரிடம் கேட்டேன். தெளிவாக வந்தால் போதும் என்றார். எதைத் தெளிவு என்கிறீர்கள் என்றேன். நீங்கள் செய்வதை நான் செய்து காட்டினேன். வடித்த தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பீர்களே, அது. ஒழுக்கு நின்றதும் சரியாகிவிட்டது என்று நாற்பது வருடம் நானே முடிவு செய்தேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பாட்டில் ஒன்றுதான். நீங்களாகக் கொடுக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்துக் கற்றது.

முதல் நாள் பாட்டிலுக்குப் பின்னால் தாள் இருப்பதே தெரியவில்லை. நாலாம் நாள் படம் இருக்கிற இடம் கறுப்பாகத் தெரிந்தது. இன்று காலை தலைப்பைப் படித்தேன், சத்தமாகவே. தம்பியும் குனிந்து படித்தார். மயிலி இரண்டு வாய் சோளத்தட்டை மென்றாள். குட்டி மடியில் முட்டியது. ஏதோ கொஞ்சம் வந்திருக்க வேண்டும், வாயைச் சப்பிக்கொண்டது.

"போதும்னு நெனைக்கிறேன்ம்மா, நிறுத்திடலாமா?" என்று தம்பி கேட்டார்.

நிறுத்தக் கூடாது என்றேன். தலைப்பு தெரிகிறது, டாக்டரம்மா. பொடி எழுத்து இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. நாளைக்கு வேண்டிய உப்புத் தண்ணீரை அடுப்பில் வைத்திருக்கிறேன்.